ராட்டினத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு?

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே காங்கரியா என்று ஓர் ஏரி உண்டு. 500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஏரி அது. ஏரிக்கரையில் பூங்கா அமைத்தார்கள். குழந்தைகளுக்குச் சின்ன ரயில் விட்டார்கள். ராட்டினங்களும் வந்தன. விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதும்.

2019 ஜூலை 14. ஞாயிற்றுக்கிழமை. மாலை நேரம்.

அங்கே ஓர் ஊசல் ராட்டினம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஊசல் இப்படியும் அப்படியும் ஆடும் அல்லவா? அதுபோல ஆடும் ராட்டினம். நீண்ட இரும்புத் தண்டு. அதன் கீழ் முனையில் வட்டமாக இருக்கைகள். இருக்கைகளில் ஆட்கள் இருந்தார்கள். ராட்டினம் ஆடத் தொடங்கியது. வேகம் ஏறியது. திடீரென்று இரும்புத் தண்டு முறிந்தது. இருக்கைகள் ஆட்களோடு தரையில் விழுந்தன.

இரண்டு பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ராட்டினத்தை நடத்தியவர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சிலரைக் கைது செய்தது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2022 செப்டம்பர் 4. பஞ்சாப் மாநிலத்தில் மொகாலி என்ற ஊர். அங்கே பொருட்காட்சி நடந்தது. ஆட்களை உயரத்துக்குத் தூக்கிக் கீழே இறக்கும் ராட்டினம் ஒன்று இருந்தது. அது உயரத்திலிருந்து தடாலென்று தரையில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

இப்படி நடக்கும்போது, "தலைவிதி" என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் இது தலைவிதியா? இரும்பு ஏன் முறிகிறது என்று முதலில் பார்ப்போம்.

இரும்பு ஏன் முறிகிறது?

ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வளைத்தால் அது முறியாது. அதே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் என்ன ஆகும்? சிறிது நேரத்தில் பட்டென்று முறிந்துவிடும்.

ராட்டினத்தின் இரும்பும் அப்படித்தான். தினமும் பல நூறு முறை இழுபடுகிறது. பல நூறு முறை வளைகிறது. முதலில் முடி போல மெல்லிய விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. மேலே பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் தெரியாது. விரிசல் நாளுக்கு நாள் வளரும். மழைத் தண்ணீர் பட்டால் துருவும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் தண்டு முறிந்துவிடும்.

ராட்டினம் தாங்கும் பாரமும் சாதாரணமானது அல்ல. ஊசல் ராட்டினம் தரைக்குப் படுக்கை மட்டம்வரை உயர்ந்து, பிறகு கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் வரும் நேரத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் 180 கிலோ எடைபோல அழுத்துவார். அப்படியானால் முப்பது பேர் சேர்ந்தால் எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரும்பின் மேல் ஒரு சாயத்தைத் தடவுவார்கள். பிறகு துடைத்துவிடுவார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் உள்ளேயே தங்கும். அதன் மேல் வெள்ளை மாவுபோல ஒன்றைத் தெளித்தால், சாயம் கோடாக வெளியே தெரியும். ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. இந்தச் சோதனைகளைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும். விரிசல் விழுந்த பாகத்தை மாற்ற வேண்டும்.

தினமும் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. காலையில் போல்ட், நட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ராட்டினங்களை எப்படிச் செய்வது, எப்படி ஓட்டுவது, எப்படிச் சோதிப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது.

ஆகவே இரும்பு முறிவது தலைவிதி அல்ல. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்றால், அது கவனக்குறைவு.

ஏறுவதற்கு முன்

நாமும் சிலவற்றைக் கவனிக்கலாம். ராட்டினத்தின் அருகே பலகை இருக்கும். இத்தனை வயது, இவ்வளவு உயரம் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டும். குழந்தை அழுது அடம் பிடித்தாலும் உயரம் குறைவாக இருந்தால் ஏற்றக் கூடாது. உயரம் குறைந்த குழந்தையைப் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பிடிக்காது. குழந்தை வழுக்கி வெளியே வந்துவிடும்.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் வேகமான ராட்டினத்தில் ஏறக் கூடாது.

தொங்கும் சேலைத் தலைப்பு, துப்பட்டா, நீண்ட கூந்தல் ஆகியவற்றை இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். அவை சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

உட்கார்ந்ததும் பாதுகாப்புக் கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பி சரியாகப் பூட்டவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். கம்பிக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தால் ஏறவே வேண்டாம். பத்து ரூபாய் போனால் போகட்டும்.

இன்னொன்று. டிக்கெட்டைக் கிழித்து எறிய வேண்டாம். வீடு வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

அடிபட்டவுடன் என்ன செய்வது?

கூட்டம் சேரும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள். அது தவறு. உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்து எலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கலாம். தப்பாகத் தூக்கினால் கை கால் விளங்காமல் போய்விடும். தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 108 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம்.

ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

"முதலில் பணம் கட்டு. போலீஸ் வரட்டும். பிறகு பார்க்கலாம்" என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. உயிருக்குப் போராடுபவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் அது பொருந்தும்.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். "ராட்டினத்திலிருந்து விழுந்து அடிபட்டது" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். "வீட்டில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லுங்கள்" என யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்கக் கூடாது.

மை டப்பாவோடு வந்தவர்

இனி ஒரு கதை. கற்பனைக் கதைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக் கூடியது.

ஒரு தாய். தெருவில் காய்கறி விற்பவர். அவருக்கு 14 வயதில் ஒரு மகன். ஊரில் பொருட்காட்சி வந்தது. மகன் கப்பல் ராட்டினத்தில் ஏறினான். ராட்டினம் உயரே போனபோது பாதுகாப்புக் கம்பி திறந்துகொண்டது. பையன் கீழே விழுந்தான். வலது கால் எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ராட்டினத்தின் மேலாளர் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். சட்டைப் பையில் ஒரு காகிதம். கூடவே ஒரு மை டப்பா.

"அம்மா, பையன் எப்படி இருக்கிறான்? எங்கள் முதலாளிக்கு ரொம்ப வருத்தம். இந்தாருங்கள், 5,000 ரூபாய். செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கியதற்கு அடையாளமாக இதில் ஒரு கைநாட்டு வையுங்கள்."

அந்தத் தாயின் அண்ணன் பக்கத்தில் நின்றார். "வாங்கிக்கொள்ளம்மா. பெரிய இடத்தோடு நமக்கு எதற்கு வம்பு?" என்றார்.

தாய் பணத்தைத் தொடவில்லை. மை டப்பாவையும் தொடவில்லை.

"காகிதத்தைக் கொடுங்கள் தம்பி. படித்துப் பார்க்கிறேன்."

மேலாளர் திகைத்தார். "படிக்க ஒன்றும் இல்லை அம்மா. பணம் வாங்கிய ரசீதுதான்."

"ரசீதுதானே? அப்படியானால் படித்தால் என்ன?"

அந்தத் தாய் ஓர் ஆண்டாக இரவு வகுப்பில் எழுத்துப் படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நேரம் ஆயிற்று. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தாய் நிறுத்தவில்லை. காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது:

"என் மகன் தன் கவனக்குறைவால் கீழே விழுந்தான். ராட்டினத்தில் எந்தக் குறையும் இல்லை. ரூ.5,000 பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் புகாரும் வழக்கும் செய்ய மாட்டேன்."

தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பி திறந்துகொண்டது தம்பி. என் மகன் எழுந்து நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இது ரசீது அல்ல. என் மகன் மேல் பழி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "டிக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள் அம்மா. 'அவரவர் சொந்தப் பொறுப்பில் ஏறவும். விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது."

அண்ணனின் முகம் வாடியது. தாய் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை.

"பணம் வாங்கும்போது ராட்டினம் உங்களுடையது. கால் உடைந்தால் பொறுப்பு எங்களுடையதா?" என்று கேட்டார்.

மேலாளரிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி. டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். பணம் வாங்கியவர் சேவை தருபவர். சேவையில் குறை இருந்தால், அதனால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கலாம். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது. புகார் கொடுக்கும் உரிமையை அந்த வரி பறித்துவிட முடியாது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சொன்னதைக் கேட்காமல் ஓடும் ராட்டினத்தில் எழுந்து நின்றால், நம் பக்கமும் தவறு இருக்கிறது. அப்போது இழப்பீடு குறையலாம், கிடைக்காமலும் போகலாம்.

நமக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் போகலாம்.

முதல் வழி, போலீஸ் நிலையம். கவனக்குறைவால் பிறருக்குக் காயம் உண்டாக்குவது குற்றம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இழப்பீடு கேட்கும் இடம் இதுதான். முதலில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அது 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி:

• விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.
• நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம்.
• வக்கீல் கட்டாயம் இல்லை. நாமே பேசலாம்.
• கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ராட்டின டிக்கெட்டுக்கு அவ்வளவு விலை ஏது? ஆகவே கட்டணமே இல்லை.

விவரம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனம் உடைய வேண்டாம். சட்ட உதவி மையத்தில் போய்க் கேட்கலாம்.

பெரிய நிறுவனமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் தொங்கு பாலம் இருந்தது. மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போனார்கள். 2022 அக்டோபர் 30 அன்று பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பாலத்தை நடத்திய நிறுவனம் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய். காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் ரூபாய்.

தாய் எழுதிய புகார்

கதைக்கு வருவோம். அந்தத் தாய் போலீசில் புகார் கொடுத்தார். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதினார். இரவு வகுப்பில் கற்ற எழுத்தில் தானே எழுதினார். அது இதுதான்:

பெறுநர்
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
........................ மாவட்டம்.

புகார் கொடுப்பவர்: ........................ (பெயர், முகவரி)
எதிர்த்தரப்பு: ........................ (ராட்டின உரிமையாளர் பெயர், முகவரி)

ஐயா,

........ தேதி மாலை என் மகன் பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கிக் கப்பல் ராட்டினத்தில் ஏறினான். ராட்டினம் ஓடும்போது பாதுகாப்புக் கம்பி திறந்துகொண்டது. அவன் கீழே விழுந்தான். வலது கால் எலும்பு முறிந்தது. கம்பியின் பூட்டு பழுதாக இருந்ததே காரணம்.

சிகிச்சைக்கு ரூ. ........ செலவானது. மகனைப் பார்த்துக்கொண்டதால் ........ நாட்கள் எனக்கு வியாபாரம் இல்லை. அவனால் ........ மாதம் பள்ளிக்குப் போக முடியவில்லை.

ஆகவே ரூ. ........ இழப்பீடு வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் இணைத்திருப்பவை:
1. டிக்கெட் நகல்
2. ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து ரசீதுகள்
3. முதல் தகவல் அறிக்கை நகல்
4. பார்த்த இருவரின் வாக்குமூலம்
5. ராட்டினத்தின் போட்டோ

இப்படிக்கு,
........................

விசாரணை நடந்தது. பலமுறை தேதி தள்ளிப்போனது. தாய் ஒவ்வொரு முறையும் போனார். "தினமும் சோதித்த பதிவேடு எங்கே?" என்று ஆணையம் கேட்டது. உரிமையாளரால் காட்ட முடியவில்லை. சிகிச்சைச் செலவும் இழப்பீடும் தர உத்தரவானது.

பையன் இப்போது நடக்கிறான். குளிர்காலத்தில் கால் வலிக்கிறது. பணம் அந்த வலியை எடுத்துவிடாது. ஆனால் பழி போய்விட்டது. தவறு யாருடையது என்று ஊருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு பொருட்காட்சியில் கப்பல் ராட்டினத்துக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். பக்கத்தில் சோதனைப் பதிவேடும் இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து தங்கையிடம் சொன்னார்: "அன்றைக்கு நீ கைநாட்டு வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா அம்மா?"

மறுவாரம் அவரும் இரவு வகுப்பில் சேர்ந்தார்.

நினைவில் வைப்போம்

• டிக்கெட்டைப் பத்திரமாக வைப்போம்.
• பலகையைப் படித்த பிறகே ஏறுவோம்.
• கீழே விழுந்தவரைக் கண்டபடி தூக்க மாட்டோம்.
• படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டோம்.

புதிய சொற்கள்

நுகர்வோர் – பணம் கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர்
இழப்பீடு – நஷ்ட ஈடு
எதிர்த்தரப்பு – யார் மீது புகாரோ அவர்
நகல் – காப்பி
வாக்குமூலம் – கண்டதைக் கண்டபடி சொல்லும் சாட்சி

பதில் எழுதுங்கள்

1. இரும்புத் தண்டில் விரிசல் எப்படி விழுகிறது?
2. உயரத்திலிருந்து விழுந்தவரை ஏன் உடனே தூக்கக் கூடாது?
3. மேலாளர் கொண்டுவந்த காகிதத்தில் எத்தனை பொய்கள் இருந்தன? அவை எவை?
4. நுகர்வோர் ஆணையத்தில் எத்தனை ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ராட்டினம் வருகிறதா? அதற்கு அனுமதி கொடுத்தது யார்? அதைச் சோதித்துப் பார்த்தது யார்? பஞ்சாயத்து அலுவலகத்திலோ நகராட்சியிலோ கேட்டு எழுதி வாருங்கள்.